புளுகுக்கும் ஞாபகம் வேணும் மருமவனே

வா மருமவனே, உக்காரு. கட்டிலை ஃபேனுக்கு நேரா இழுத்துப் போட்டுக்க. ஒரு மணி நேரத்துக்கு முந்தி போன் போட்டப்ப "திருமங்கலம் தாண்டிட்டேன் மாமா"ன்ன. அந்த நேரம் பாத்துப் பின்னாடி ஒரு குக்கர் விசிலடிச்சது எனக்கு நல்லாவே கேட்டுச்சு. பைபாஸ்ல குக்கர் வச்சு சமைக்கிற அளவுக்குத் திருமங்கலம் முன்னேறிருச்சுபோல. சரி, அதை விடு. என்ன சமாச்சாரமா வந்த?

பய பொய் சொல்றானா? வாயைத் தொறந்தாலே பொய்யா? யாரைக் கொண்டு பொறந்தான்னு தெரியலையா? அது சரி.

கண்ணு டாக்டரைப் பாக்க மதுரைக்கு வந்தவன், அன்னைக்கு ராத்திரி ஒங்க வீட்டுலதான தங்குனேன். நீ ஆபீஸ் விட்டு வந்த. ஹெல்மெட்டைக்கூடக் கழட்டல. வாசப்படியில நின்னுக்கிட்டே "ஹோம்வொர்க் முடி..."ன்ன. "முடிச்சிட்டேன்பா"ன்னு பதில் வந்துருச்சு. ஒன் கேள்வியோட வாலு இன்னும் ஹெல்மெட்டுக்குள்ளதான் இருக்கு, பதில் வெளிய வந்து நிக்குது. புத்தகப் பை கதவு மூலையில, மழைக்கோட்டுக்கு அடியில, ஜிப்பு போட்டது போட்டபடி கெடந்துச்சு. அதை நான் பாத்தேன், நீ பாத்த, அவனும் பாத்தான். அப்புறம் முக்கா மணி நேரம் விசாரணை வச்ச பாரு! "ஏன்டா பொய் சொன்ன, எங்கடா கத்துக்கிட்ட, இப்பவே இப்படின்னா நாளைக்கு என்னாவ?" இவ்வளவுக்கும் அந்தக் கணக்கு பத்து நிமிஷ வேலை. விசாரணை முடிஞ்சு பாத்தா பய தூங்கிட்டான், கணக்கு அப்படியே இருந்துச்சு, ஒனக்கு பிரஷர் மாத்திரை போட வேண்டியதாப் போச்சு.

பயலைக் காட்டுனீங்களே, அந்த மனநல டாக்டர் ஒரு பாரம் குடுத்தாருல்ல, நீயும் ஒம்பொண்டாட்டியும் உக்காந்து டிக் அடிச்சீங்களே, அதுல என்ன இருந்துச்சுன்னு ஒழுங்காப் படிச்சியா? படிச்சிருக்க மாட்ட. எம்பேத்தி மனநலம் படிக்குதுல்ல, அது எனக்கு வரிவரியாச் சொல்லிருச்சு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013ல போட்ட அஞ்சாம் பதிப்புக் கையேட்டுல, இந்த ஏ.டி.எச்.டி.ங்கிற கவனக்குறைவு, பரபரப்புக் கோளாறுக்கு 18 அறிகுறி இருக்கு. கவனம் சிதறுறதுல 9, பரபரப்புல 9. சின்னப் பிள்ளைன்னா ஏதாவது ஒரு பக்கம் ஆறாச்சும் தேறணும். 12 வயசுக்கு முன்னாடியே தலை காட்டியிருக்கணும். வீடு, பள்ளிக்கூடம்னு ரெண்டு எடத்துலயாவது தெரியணும். பொருளைத் தொலைக்கிறது, சொன்னது காதுல விழாத மாதிரி இருக்கிறது, ஆரம்பிச்சதை அந்தரத்துல விடுறது, கேள்வி முடியிறதுக்குள்ள பதிலைக் கொட்டுறது, எல்லாம் இருக்கு. பொய் பேசுறதுன்னு ஒரு வரி கெடையாது. தடவிப் பாத்தாலும் கெடையாது.

பொய் வேற பட்டியல்ல இருக்கு. நடத்தைக் கோளாறுன்னு அதுக்குப் பேரு. அங்க அது அடிதடி, களவு, தீ வைக்கிறதுக்கெல்லாம் பக்கத்துல உக்காந்திருக்கும். 15 சங்கதியில மூணாச்சும் ஒரு வருஷத்துக்குள்ள தென்படணும், பொய் மட்டும் பத்தாது. ஒம்மவன் மழைக்கோட்டுக்கு அடியில பையை வச்சுட்டு "முடிச்சிட்டேன்"னதுக்கு, நீ அவனைக் கொள்ளிக்கட்டைக்காரனோட ஒரே பெஞ்சுல உக்கார வைக்கப் பாக்குற.

இப்படிப் பாத்தது நீ மொத ஆளுன்னு நெனச்சிராத. 1902ல லண்டன்ல ஜார்ஜ் ஸ்டில்னு ஒரு பிள்ளை வைத்தியர், ராயல் காலேஜ்ல மூணு சொற்பொழிவு குடுத்தாரு. 43 பிள்ளைகளைப் பாத்துட்டு, புத்தி நல்லாத்தான் இருக்கு, ஒழுக்கக் கட்டுப்பாட்டுலதான் குறைன்னாரு. அவரு போட்ட பட்டியல்ல நேர்மையின்மைக்கும் ஒரு எடம் இருந்துச்சு. அப்புறம் வந்தவங்க ஒழுக்கத்தை அங்கிட்டு வச்சுட்டு கவனத்தைப் பாக்க ஆரம்பிச்சாங்க. 1980ல கவனக்குறைவுன்னு பேரு மாறுச்சு, 1987ல இப்ப இருக்கிற பேரு வந்துச்சு. நூறு வருஷத்துக்கு மேல ஆயிருச்சு. நீ இன்னும் 1902லயே நிக்குற. கோட்டு சூட்டு ஒன்னுதான் கொறை.

அப்ப ஏன் பொய் வருதுன்னு கேக்குறியா. ஒங்கப்பன் ஒரு சைக்கிள் வச்சிருந்தாரே, பிரேக் கட்டை தேஞ்சது, ஞாபகம் இருக்கா? பெடல்ல ஒரு கொறையும் இல்ல, செயின்ல கொறையில்ல, மிதிச்சா சிட்டாப் பறக்கும். நிப்பாட்டுறதுதான் கஷ்டம். டீக்கடைக்குப் போகணும்னா டீக்கடைக்கு இருவதடி முன்னாடியே கால் கட்டைவிரலைத் தரையில தேய்க்க ஆரம்பிப்பாரு. அவசரத்துல தேய்க்க மறந்தா சலூனுக்குள்ள போய்த்தான் நிப்பாரு. ஒம்மவன் வாயும் அந்தக் கதைதான். ரஸ்ஸல் பார்க்லின்னு ஒரு அமெரிக்க உளவியல்காரரு 1997லயே இதைச் சொல்லிட்டாரு: இந்தக் கோளாறுல அடிப்படைக் கொறை கவனத்துல இல்ல, நிறுத்திப் பிடிக்கிறதுல. கேள்வியைக் கேட்டதும் ஒனக்கும் எனக்கும் ஒரு நொடி கெடைக்கும். அந்த ஒரு நொடியில "பொய் சொன்னா ராத்திரிக்குள்ள மாட்டுவோம்"னு ஒரு கணக்குப் போடுவோம். அவனுக்கு அந்த நொடி கெடைக்கிறதில்ல. ஒங்குரல்ல கோவம் இருக்குன்னு மட்டும் தெரியுது. அந்தக் கோவம் இப்ப நிக்கணும். ராத்திரிங்கிறது அவனுக்கு அடுத்த யுகம்.

2007ல அமெரிக்க தேசிய மனநல ஆய்வுக்கழகத்துல பிலிப் ஷான்னு ஒருத்தரும் அவரோட ஆளுகளும் பிள்ளைகளோட மூளையைப் படம் எடுத்துப் பாத்தாங்க. மூளைப் புறணி முழு தடிமனுக்கு வளர்ற கட்டத்தை மத்த பிள்ளைக சராசரியா ஏழரை வயசுல எட்டுது, இந்தப் பிள்ளைக பத்தரை வயசுல எட்டுது. வழி ஒன்னுதான், நேரம்தான் மூணு வருஷம் பிந்துது. அதுலயும் முன்மூளையில, இந்தப் பிரேக் பிடிக்கிற எடத்துல, பிந்துறது கூடுதல். அதுக்காக 11 வயசுப் பயலை 8 வயசுன்னு கணக்கெழுதிராதன்னு பேத்தி சொல்லுது. எழுதல. ஆனா 11 வயசுக்கான அடியை அவனுக்கு எழுதவேணாம்னு மட்டும் வச்சுக்க.

இன்னொன்னு சொல்றேன், நல்லாக் கேட்டுக்க. பொய்ங்கிறது லேசுப்பட்ட வேலை இல்ல. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்குன்னு சொல்லி வச்சிருக்காங்கன்னா, அந்த எட்டு நாளும் அவன் என்ன பாடுபட்டிருப்பான்னு யோசி. யார்கிட்ட என்ன சொன்னோம், எந்தக் கிழமை சொன்னோம், அதுக்குத் தோதா இன்னைக்கு மூஞ்சியை எப்படி வச்சுக்கணும், எல்லாத்தையும் தலையில தாங்கணும். நம்ம ஊர்ல ஒருத்தரு மெயின் ரோட்டுல இருந்து காலனிக்குத் தார் ரோடு போட்டுத் தர்றேன்னு சொல்லியே ரெண்டு தேர்தல் ஜெயிச்சாரு. எந்தத் தெருவுல எந்தத் தேதி சொன்னோம்னு ஒரு தடவைகூட அவருக்குத் தப்புனதில்ல. அது ஞாபக சக்தி! இந்த ஏ.டி.எச்.டி. பிள்ளைகள்ல நெறையப் பேருக்குக் கொறைவா இருக்கிறதே அதுதான், நடப்பு ஞாபகம்னு சொல்றாங்க. ஒம்மவன் அன்னைக்கு "மேத்ஸ் டீச்சர் லீவுப்பா"ன்னான். சோறு சாப்பிடுறப்ப அவனே "இன்னைக்கு மேத்ஸ் டீச்சர் என்னைய எந்திரிச்சு நிக்க வச்சாங்கப்பா"ன்னு சிரிச்சுக்கிட்டே கதை சொன்னான். எட்டு நாள் வேணாம், ஒரு தோசை வேகுற நேரம் தாங்கல. இவனைப் போய்ப் பெரிய பித்தலாட்டக்காரனா வருவான்னு பயப்படுற. வர மாட்டான். அதுக்குத் தேவையான மார்க்கு இவனுக்கு இல்ல.

அடுத்து, பொய் மாதிரியே இருக்கும், பொய்யா இருக்காது, அப்படி ஒரு ரகம் இருக்கு. "அஞ்சு நிமிஷத்துல வர்றேன்"ங்கிறது. சொல்றப்ப அது சத்தியம். அஞ்சு நிமிஷம் எவ்வளவு நீளம்னு அவனுக்கு உடம்புல தெரியாது, அவ்வளவுதான். பால்காரர்கிட்ட காசு குடுத்துட்டேன்பான். குடுக்கணும்னு நெனச்சிருப்பான், காசைக் கையில எடுத்திருப்பான், வாசல் வரைக்கும் போயிருப்பான், அங்க ஒரு நாய்க்குட்டி வந்திருக்கும். நெனச்சதுக்கும் செஞ்சதுக்கும் நடுவுல கோடு அழிஞ்சு போச்சு. அப்புறம் இந்த "உம்" போடுறது. நீ பத்து நிமிஷம் புத்தி சொல்ற, அவன் தலையை ஆட்டுறான், "வெளங்குச்சா"ன்னா "வெளங்குச்சு"ங்கிறான். மூணாவது வார்த்தையில விட்டுட்டான். திரும்பக் கேட்டா திட்டுவன்னு தெரியும், அதனால வெளங்குச்சு. பொம்பளைப் பிள்ளைகள்ல இந்த ரகம் அதிகமாம். துறுதுறுன்னு ஓடாம மூலையில அமைதியா உக்காந்து கனாக் கண்டுக்கிட்டு, எல்லாம் வெளங்குச்சுன்னு தலையை ஆட்டிக்கிட்டே இருக்கிறதால யாரும் கண்டுபிடிக்கிறதுமில்ல.

என்ன, மொகம் ஒரு மாதிரி போகுது? மின்விசிறியைக் கூட்டி வைக்கவா?

ஏன் கேக்குறேன்னா, போன வாரம் ஒம்பொண்டாட்டி எனக்குப் போன் போட்டுச்சு. கரண்டு பில்லு கட்டிட்டேன்னு சொன்னீங்களேன்னு கேட்டா "கட்டிட்டேன்ல"ங்கிறாராம், ஃபீசைப் பிடுங்க ஆளு வந்து நிக்குறானாம். பொய்யாவா சொன்ன? செல்லுல அந்த ஆப்பைத் தொறந்திருப்ப, நம்பரைப் போட்டிருப்ப, மேல ஸ்கோர் வந்திருக்கும். அத்தோட கட்டுன கணக்கு. இரட்டைப் பிள்ளைகளை வச்சு உலகம் பூரா ஆராய்ச்சி பண்ணிப் பாத்ததுல, இந்தக் கோளாறு வர்றதுல நூத்துக்கு 74 பங்கு வம்சாவளிங்கிறாங்க. ஒசரத்துக்குச் சொல்றதுக்குக் கிட்டத்தட்ட பக்கத்துல வந்துருச்சு. வெரை ஒன்னு போட்டா சொரை ஒன்னா மொளைக்கும்? நீ அஞ்சாப்பு படிக்கிறப்ப எந்தங்கச்சி ரேஷன் கடைக்கு அனுப்புனா, மண்ணெண்ணெய் டின்னை எங்கயோ வச்சுட்டு வந்து "இன்னைக்குக் கடை லீவு"ம்ப. ஊர்ல எந்தக் கடைக்கும் அந்தக் காலத்துல அத்தனை லீவு கெடையாது. மவனுக்குப் பாரம் நெரப்பப் போயி, பாதியில "இது நம்மளைப் பத்தில்ல எழுதியிருக்கு"ன்னு அப்பனும் ஆத்தாளும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிறது டாக்டர்களுக்குப் பழகிப்போன சங்கதியாம். ஒனக்கு இருக்கு, இல்லைன்னு சொல்ல நான் டாக்டர் இல்ல. அடுத்த தடவை பெரியவங்க பாரம் ஒன்னு கேட்டு வாங்கு. 17 வயசு ஆயிட்டா அஞ்சு அறிகுறி போதும், சலுகை விலைதான்.

ஒன்னு மட்டும் எனக்கு வெளங்கல. பய பொய் சொன்னா மட்டும் கணக்கு வச்சுக்கிறியே, அவன் சொன்ன உண்மைகளை யார் கணக்குல எழுதுன? ஒந்தங்கச்சி மவளைப் பொண்ணு பாக்க வந்தப்ப என்ன நடந்துச்சு? மாப்பிள்ளையோட அம்மா "சோபா நல்லாருக்கே, புதுசா"ன்னு ஒரு பேச்சுக்குக் கேட்டுச்சு. ஒங்க அத்தனை பேரு வாயும் தொறக்கிறதுக்குள்ள, பய சொஜ்ஜியை மென்னுக்கிட்டே "எங்க வீட்டுது, நீங்க போனதும் தூக்கிட்டுப் போயிருவோம்"னான். ஆயிரம் பொய் சொல்லி முடிக்க வேண்டிய கல்யாணம். ஒரே ஒரு உண்மையில ஆட்டங்கண்டுச்சு. அந்தப் பிரேக் இல்லாத வாயிதான் "முடிச்சிட்டேன்"னும் சொல்லுது, "தூக்கிட்டுப் போயிருவோம்"னும் சொல்லுது. அன்னைக்கு உண்மையைச் சொன்னதுக்கும் நீதான் கொல்லைப்புறம் கூட்டிட்டுப் போயி தொடையில கிள்ளுன. அப்புறம் பய எதைத்தான் சொல்லுவான்?

அடிச்சா பொய் நிக்கும்னு எங்கப்பனும் நம்புனாரு. 2011ல விக்டோரியா தால்வார், காங் லீன்னு ரெண்டு ஆராய்ச்சிக்காரங்க மேற்கு ஆப்பிரிக்காவுல ரெண்டு பள்ளிக்கூடத்தை எடுத்துக்கிட்டாங்க. ஒன்னுல பிரம்படியும் கிள்ளும் தாராளம். இன்னொன்னுல அடி கெடையாது. மூணு நாலு வயசுப் பிள்ளைகளை உக்கார வச்சு, முதுகுக்குப் பின்னால ஒரு பொம்மையை வச்சு, திரும்பிப் பாக்காதன்னு சொல்லிட்டு வெளிய போயிட்டாங்க. ரெண்டு பக்கமும் பிள்ளைக திரும்பிப் பாத்துருச்சுக, பிள்ளைன்னா பாக்கத்தான செய்யும். வந்து கேட்டா, அடிக்கிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகதான் அதிகமாப் பொய் சொல்லுச்சுக. அதோட விடல. பிடி குடுக்காம, மேக்கொண்டு கேட்டாலும் சமாளிச்சுச் சொன்னதும் அதுகதான். பிரம்பு பொய்யை ஒழிக்கல, அதுக்கு டியூசன் எடுத்திருக்கு.

அந்தக் காங் லீ ஆளுகளே 2014ல இன்னொரு வேலை பண்ணாங்க. பிள்ளைகளுக்குக் கதை சொல்லிட்டு அதே மாதிரி சோதிச்சாங்க. நம்ம புலி வருது புலி வருது கதை இருக்குல்ல, அங்க அதை ஓநாய்ம்பாங்க, அதைச் சொன்னாங்க. மூக்கு நீளுற பினாக்கியோ கதையைச் சொன்னாங்க. பொய் ஒரு இம்மி கொறையல. ஜார்ஜ் வாஷிங்டன் செர்ரி மரத்தை வெட்டிட்டு அப்பன்கிட்ட ஒத்துக்கிட்ட கதையைச் சொன்னதும் கொறைஞ்சுச்சு. ஏன்னா அதுல உண்மை சொன்ன பயலை அப்பன் கட்டிப் பிடிச்சுக்கிறாரு. அதே கதையோட முடிவை மாத்தி, பொய் சொல்லி மாட்டி அடி வாங்குற மாதிரி சொன்னாங்க. பலிக்காமப் போச்சு. இதுல கூத்து என்னன்னா, அந்தச் செர்ரி மரக் கதையே கட்டுக்கதை. வாஷிங்டன் செத்த பெறகு, மேசன் வீம்ஸ்னு ஒரு பாதிரியாரு தான் எழுதுன வரலாற்றுல 1806 பதிப்புல நுழைச்சுவிட்டாரு. உண்மை பேசச் சொல்லிக் குடுக்கிறதுக்கு உலகத்துலயே நல்லா வேலை செஞ்ச கதை ஒரு பாதிரியாரோட புளுகு. எனக்கு இதைக் கேட்டதுல இருந்து ரெண்டு நாளைக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு.

நாம என்ன கதை சொல்றோம்? அரிச்சந்திரன். உண்மை பேசுனான், நாடு போச்சு, பொண்டாட்டியை வித்தான், மவன் பாம்பு கடிச்சுச் செத்தான், கடைசியில சுடுகாட்டுல வெட்டியான் வேலை. இதைக் கேட்டுட்டு எந்தப் பய உண்மை பேச முன்வருவான்? விடியக்காலம் எல்லாம் திரும்பக் கெடைக்கும், நெசந்தான். நாடகத்துல மயான காண்டம் முடிஞ்சு அது வர்றதுக்குள்ள பிள்ளைக தூங்கியிருக்கும். காந்தி சின்ன வயசுல அந்த நாடகத்தைப் பாத்துத்தான் உருகிப் போனாரு. ஒத்துக்கிறேன். ஒம்மவன் காந்தி இல்ல, அவன் கவலை கணக்கு நோட்டு.

என்ன செய்யணும்னு கேக்குற. மொதல்ல, பதில் தெரிஞ்ச கேள்வியைக் கேக்காத. பை மூடிக் கெடக்கிறது கண்ணுக்குத் தெரியுது, அப்புறம் "முடிச்சியா"ன்னு கேக்கிறது கேள்வியா, கண்ணியா? "நோட்டை எடுத்துட்டு வா, எதுல நிக்குதுன்னு பாப்போம்"னு சொல்லு. அதுக்குப் பொய் சொல்ல எடமே இல்ல. மீறி ஒரு பொய் வந்துருச்சு, பிடிச்சுத் தொங்காத. "கால் மணி நேரம் கழிச்சுத் திரும்பக் கேப்பேன், அப்ப மாத்திச் சொன்னா தப்பில்ல"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிரு. வாய் முந்திருச்சுன்னா புத்தி வந்து சேர்றதுக்கு நேரம் வேணும்ல. திரும்பி வந்து "முடிக்கலப்பா"ன்னான்னா, அங்கதான் ஒன் சாமர்த்தியம். "இதை மொதல்லயே சொல்லியிருந்தா"ன்னு ஆரம்பிச்ச, போச்சு. வாயைக் கட்டு. சொன்னதுக்கு நன்றின்னுட்டு கணக்குக்குப் போ.

கணக்கு உண்டு, அதுல தள்ளுபடி கெடையாது. கோளாறு இருக்குங்கிறது காரணம், கணக்குப் போடாம இருக்கச் சீட்டு இல்ல. கண்ணாடி உடைஞ்சா அவன் உண்டியல்ல இருந்து பாதி. அதே மாதிரி, பணம் தொடர்ந்து காணாமப் போகுது, ஒங்கையெழுத்தை அவனே போடுறான், இன்னொரு பிள்ளையை மாட்டிவிட்டு நிக்கிறான்னா, அது வாய் வழுக்குற ரகம் இல்ல. அதை அந்த டாக்டர்கிட்ட மறைக்காமப் போயி சொல்லு. நீ சொல்ற உண்மையும் அதுல சேத்தி. மாத்திரை எழுதிக் குடுத்தா ஊரு பேச்சைக் கேட்டு நிறுத்தாத. மெத்தில்ஃபெனிடேட்டுங்கிற அந்த மருந்தை 1944ல சுவிட்சர்லாந்துல பனிஸ்ஸோன்னு ஒருத்தரு செஞ்சாரு, பொண்டாட்டி ரீட்டா பேரைத்தான் ரிட்டாலின்னு வச்சாரு. அது கவனத்தை நிப்பாட்டிக் குடுக்கும். உண்மை பேசக் கத்துக் குடுக்காது, அது வீட்டுச் சரக்கு.

சரி, இப்ப போனை எடு. எடுங்கிறேன்ல. கரண்டு பில்லை இன்னைக்குக் காலையில கட்டிட்டேன்னுதான வீட்டுல சொல்லிட்டு வந்திருப்ப? தெரியும். ஆளு வந்து நின்ன நாள்லயே அபராதத்தோட கட்டுனது ஒம்பொண்டாட்டிதான், நகைச்சீட்டுப் பணத்துல. ஒன்கிட்ட சொல்லல, நீயா எப்ப வாயைத் தொறப்பன்னு பாத்துக்கிட்டு இருக்கு. போட்டதும் மொத வார்த்தையா "நான் கட்டல"ன்னு சொல்லிரு. பீடிகை போட்ட, நடுவுல இன்னொன்னு வந்து விழுந்துரும். மாமா பக்கத்துல இருக்காரான்னு கேக்கும். இருக்காருன்னே சொல்லு.